பூனை பார்த்த கடல்

ஓவியர் ஒருவரின் மேசையில் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பவளம் என்ற தங்கமீன் வாழ்ந்தது. மிளகு என்ற பூனை தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து சப்புக்கொட்டும். பவளம் நடுங்கிப்போய்க் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஒருநாள் ஓவியர் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த கணினித் திரையில் மீன் நீந்தும் கடலடிக் காட்சி ஒன்றை வரைந்து முடித்துவிட்டு, காபி போடப் போனார். வழக்கம்போல வந்த மிளகு, திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"ஒவ்வொரு செதிலிலும் தனித்தனியா வெளிச்சம் விழுந்திருக்கு. வால் எவ்வளவு மெல்லிசு, அதுக்குப் பின்னால இருக்கிற பாசிகூடத் தெரியுது" என்று முணுமுணுத்தது.

பவளம் கல்லைவிட்டு வெளியே வந்தது. "எனக்கும் செதில் இருக்கு" என்றது.

"இருக்கட்டும்."

"என் வாலும் மெல்லிசுதான். கொஞ்சம் திரும்பிப் பாரேன்."

"அப்புறம் பார்க்கிறேன்."

பவளத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே துள்ளலில் மேசைமேல் வந்து விழுந்து, பூனையின் காலடியில் வாலை விரித்துக் காட்டியது.

மிளகு சலிப்போடு அதைக் கவ்வித் தொட்டிக்குள் போட்டது. "படம் பார்க்கிறப்போ தொந்தரவு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு, மறுபடி திரைமுன் போய் உட்கார்ந்தது.

"ரசனை கெட்ட பூனை" என்று அன்று முழுக்கப் புலம்பியது பவளம்.