அந்தரத்தில் மாடித்தாவி

மூன்றாவது ஆளின் படங்களைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் வசனத்தை வெட்டியிருந்தார்.

பெயர்கூடத் தெரியாத ஒருவர், என் வசனத்தை.

ஃபேரர் பார்க்கில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது வெங்கட் அண்ணனின் காமிக்ஸ் அலுவலகம். ஓவியரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரின் மேல் ஒரு தாளை ஒட்டி மறைத்துவிடுவது அவர் வழக்கம். தெரிந்தவன், சொந்தக்காரன் என்று யாரும் நுழைந்துவிடக் கூடாதாம்.

எங்கள் நாயகி மாடித்தாவி. பகலில் சுவா சூ காங்கில் எல்ஆர்டி ரயிலின் தண்டவாளம் பழுது பார்ப்பாள். ஆபத்து என்றால் அடுக்குமாடிக் கூரைகளில் புளோக் விட்டு புளோக் தாவுவாள். பதினோராவது இதழின் கடைசிக் கட்டத்தில், விழுகிற குழந்தையைப் பிடிக்கக் கூரையிலிருந்து குதித்தாள். எட்டு மாதமாக அந்தரத்திலேயே இருக்கிறாள்.

காரணம் கேலப். நான்கு வருடம் நான் எழுத, அவன் வரைந்தான். பக்கத்துக்கு ஒரு வசனமாவது வெட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. முகமே சொல்லும், நீ சும்மா இரு என்பான். பதினோராவது இதழில் நான் கத்திவிட்டேன். அதன் பிறகு அவன் என் போனை எடுக்கவில்லை. ரோஷக்காரன், போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்றைக்குள் ஓவியர் அமையாவிட்டால் தொடரை நிறுத்திவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். அவளைக் கடைசிவரை அந்தரத்தில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தேர்வுக்கு வந்த மூன்று ஓவியர்களுக்கும் ஒரே பக்கத்தைத்தான் கொடுத்தோம். குழந்தையைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்க வேண்டும்.

முதல் ஆள் அவளை வலது முழங்காலை ஊன்றி இறக்கியிருந்தார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் நான்காவது இதழிலேயே அந்த முழங்கால் அடிபட்டுப் போய்விட்டது. இரண்டாவது ஆள் அவளை அழகுப் போட்டிக்கு அனுப்புகிற மாதிரி மெலிய வைத்திருந்தார். தண்டவாளத்தைத் தூக்குகிற தோள் எங்கே?

மூன்றாவதில் தோள் இருந்தது. இடது காலில்தான் இறங்கினாள்.

வசனத்தை வெட்டிய திமிரைப் பார்த்து ஒரு கணம் கேலபோ என்று நினைத்தேன். இல்லை. அவன் கோடு பிளேடால் கீறிய மாதிரி இருக்கும். ஆயிரம் கோட்டுக்கு நடுவில் வைத்தாலும் கண்டுபிடிப்பேன். இதுவோ ஓடுகிற பேருந்தில் வரைந்ததுபோல நடுங்கியது. அவன் படங்களைப் பார்த்து வரையப் பழகிய யாரோ என்று முடிவு செய்துகொண்டேன்.

குழந்தையை அணைத்தபடி அவள் 'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அது இல்லை. முகம் மட்டும் இருந்தது.

பயந்துபோன முகம்.

மாடித்தாவி பயந்து நான் பார்த்ததே இல்லை. அந்த நடுங்குகிற கோட்டில் அவள் குழந்தையைவிட அதிகமாகப் பயந்திருந்தாள். ஆனாலும் பிடியை விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வசனம் அங்கே இருந்திருந்தால் எல்லாவற்றையும் கெடுத்திருக்கும்.

இவர்தான் என்றேன்.

வெங்கட் அண்ணன் ஒட்டியிருந்த தாளை மெதுவாக உரித்தார்.

கேலப் லாசரஸ்.

"ஸ்ட்ரோக், அனு. நீங்க சண்டை போட்ட அதே வாரம். வலது கை இன்னும் வரல, இது இடது கைல வரைஞ்சது. பேர் தெரிஞ்சா பாவம் பார்த்து எடுத்துருவா, சொல்லாதீங்கன்னுட்டான்."

எட்டு மாதம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

பிறகு பையைத் திறந்து அடுத்த பக்கத்தின் ஸ்கிரிப்டை எடுத்துக் கொடுத்தேன். வரைய ஒன்பது கட்டங்கள், கடைசிக் கட்டத்தில் ஒரு பெரிய ஜனக்கூட்டம்.

அண்ணன் அதை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமே என்று தயங்கினார்.

"அப்படியே அனுப்புங்கண்ணே. அதிகம்னா அவனே வெட்டுவான் லா."