மூன்றாவது பலகை

"மூணாவது பலகையை மட்டும் கழற்றிடுங்க" என்றார் காப்பாட்சியர்.

தச்சர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு பலகை அக்காவைப் பார்த்தார். அருங்காட்சியகத்தில் எல்லாருக்கும் அவள் பலகை அக்காதான். அங்கே இருக்கும் பொருள்களுக்கெல்லாம் விளக்கப் பலகை எழுதுவது அவள் வேலை.

மறுநாள் குழந்தைகளுக்கான அறிவியல் கூடம் திறப்பு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள், காய்ச்சல் மருந்து கண்டுபிடித்த பெரிய விஞ்ஞானி ஒருவரின் மைக்ராஸ்கோப் இருந்தது. அதற்கு மேலே மூன்று பலகைகள். முதலாவதில் அவர் வாங்கிய பரிசுகள். இரண்டாவதில் அவர் மருந்து காப்பாற்றிய உயிர்கள்.

மூன்றாவதில் இப்படி எழுதியிருந்தாள்:

'இந்த மருந்தை அவர் முதலில் அநாதை விடுதிக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. யாரையும் கேட்கவில்லை. சில குழந்தைகளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது.'

"இதுல எது சார் பொய்?" என்று கேட்டாள்.

"எதுவும் பொய் இல்லம்மா. நான்தானே சரிபார்த்தேன்."

"அப்புறம் ஏன் கழற்றணும்?"

"நாளைக்குத் திறந்து வைக்கிறவர் அவரோட பேரன். இந்த மைக்ராஸ்கோப்பைக் குடுத்ததும் அவர்தான். இதைப் படிச்சார்னா கையோட எடுத்துட்டுப் போயிடுவார்."

"போகட்டுமே. அதுக்காக முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணுமா?"

"மறைக்கச் சொல்லலை. பெட்டிக்கு அடியில மாட்டச் சொல்றேன்."

அவள் குனிந்து பார்த்தாள். பெட்டிக்கு அடியில், அதன் நிழலில், வெறும் சுவர். நிமிர்ந்து நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத இடம்.

"இங்க மாட்டினா யாரு சார் படிப்பாங்க? பூனையா?"

"பூனை படிச்சாலும் நல்லதுதானே" என்றார் காப்பாட்சியர், சிரிக்காமல்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் கால்சட்டையில், இரண்டு முட்டியிலும் வட்ட வட்டமாகத் தூசி. காலையில் அந்தப் பேரனைப் பார்த்துவிட்டு வந்த மனிதர். காலிலேயே விழுந்துவிட்டாரா என்று நினைத்துக்கொண்டாள்.

"பலகை கீழே போனா நான் வெளியே போறேன் சார்."

"போங்கம்மா, தடுக்கலை. நாளன்னிக்குக் காலையில கூடம் எப்படி நடக்குதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

தச்சர் பலகையை இறக்கி மாட்டினார். தலை பெட்டிக்கு அடியில் இருந்ததால், அவர் யார் பக்கம் என்று தெரியவில்லை.

விழா நன்றாகவே நடந்தது. பேரனுக்கே தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பலகைகளையும் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பாட்சியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாவது பலகை அவர் சட்டைப் பொத்தானுக்கு நேர் எதிரில்தான் இருந்தது. குனியவில்லை. கூட வந்தவர்களும் குனியவில்லை. பெரிய மனிதர்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு.

பலகை அக்கா அன்று மாலையே மேசையைக் காலி செய்து, சாமான்களைப் பையில் அடைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அந்தப் பையோடு கூடத்துக்குள் வந்தபோது, ஒரு பள்ளிக்கூடத்தின் சின்ன வகுப்பு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு பலகையையும் கடந்து ஓடினார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் மாதக்கணக்கில் எழுதி எழுதித் திருத்திய பலகைகள் அத்தனையும் அவர்கள் தலைக்கு மேலே சும்மா தொங்கின.

கண்ணாடிப் பெட்டியருகே மட்டும் கூட்டம் நின்றுவிட்டது.

முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "யா…ரை…யும் கேட்…க…வில்…லை."

"கேக்காமலா குடுத்தாரு?" என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

"காது போயிடுச்சாம்டா."

"எங்க வீட்டுல மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி கசக்கும்னாவது சொல்லுவாங்க."

ஆசிரியை பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மேல பாருங்க செல்லம். எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்காருன்னு மேல எழுதியிருக்கு."

"அது எட்டலை மிஸ்."

"அப்ப இவரு நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டாள் சிறுமி.

"ரெண்டையும் படிச்சாத்தான் தெரியும்" என்றார் ஆசிரியை.

"எட்டலையே மிஸ்" என்றாள் மறுபடியும், பொறுமையாக.

பலகை அக்கா பையைக் கீழே வைத்தாள். தன் கண்ணுக்கு நேராகத் தானே அளந்து மாட்டச் சொன்ன பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழந்தைகளுக்கான கூடம். ஒரு குழந்தையின் மூக்குக்கு நேராக இருந்தது, அவள் சண்டை போட்ட அந்த ஒரே பலகைதான்.

வாசலில் தச்சர் நின்றிருந்தார். அவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் இறக்கணும் அண்ணே. பரிசு, மருந்து, மைக்ராஸ்கோப் எல்லாத்தையும். எந்த உயரத்துலன்னுதான் பிடிபடலை. யாராவது முட்டி போட்டு நடந்து பாத்தாத்தான் தெரியும்."

"அதெல்லாம் திறப்பு விழாவுக்கு முந்தின நாளே சார் பாத்துட்டாரு அக்கா" என்றார் தச்சர். "கூடம் முழுக்க முட்டி போட்டே நடந்து, சுவரைச் சுத்திப் பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காரு. நீங்க நின்ன உயரத்துலேருந்து பாத்தா அது தெரியாது."