சுவரில் சிவந்த கை

அது வலது கையா இடது கையா என்பது இப்போது சரியாக நினைவில்லை. வெள்ளைச் சுவரில், ஐந்து விரலும் விரிந்து, இளஞ்சிவப்பாக இருந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

"வந்துட்டுப் போயிருக்கா," என்றாள் மனைவி. கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதியியல் ஆசிரியர் டீயை அவள் பக்கத்தில் வைத்தார். அவர்களுடைய ஒரே மகள் காய்ச்சலில் கண்மூடியது இந்த அறையில்தான். அதன்பின் மனைவியின் அண்ணன் வந்து, கேட்காமலே நான்கு சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மீந்ததை வாளியோடு கொல்லையில் வைத்துவிட்டுப் போனான். அவன் பெயிண்டர். துக்கத்துக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து வெள்ளையடிப்பது.

முதல் கை தற்செயலாக விழுந்தது. பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த பினாப்தலீன் புட்டி பைக்குள் கசிந்து ஆசிரியரின் உள்ளங்கை நனைந்திருந்தது. தண்ணீர்போல நிறமில்லாதது, காரம் பட்டால் சிவக்கும். மகளின் அறைக்குள் போனவர், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பு காரம். கையை எடுத்த இடம் சிவந்துவிட்டது.

மகளுக்கு அப்பாவின் கைகளை உரித்து வைத்தாற்போல நீள நீள விரல்கள். மனைவி வாசற்படியில் நின்று அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"அவளா?" என்றாள்.

மகள் போன நாளிலிருந்து வாய் திறக்காதவள். 'நான்தான்' என்று சொல்ல ஆசிரியருக்கு நா எழவில்லை.

அதன்பின் ஒவ்வொரு காலையும் அவள் எழுமுன் உள்ளங்கையை நனைத்துச் சுவரில் பதித்தார். மாலைக்குள் அது வெளிறி மறைந்துவிடும். அவள் அதைப் பார்த்தபடி இரண்டு வாய் சாப்பிட்டாள். அவருக்குத்தான் சாப்பிட உட்கார்ந்தால் தன் கையையே பார்க்கப் பயமாக இருந்தது.

விஷயம் தெரிந்து அண்ணன் ஓடிவந்தான்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டுல தங்கச்சியை விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரல."

"வேற யாரும் இல்ல மச்சான். நம்ம பொண்ணுதானே."

"நம்ம பொண்ணுதான். மாமன் அடிச்ச சுவரைப் பாழாக்கறாளே, அதைச் சொல்றேன்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. தங்கையிடம் திரும்பினான். "ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வர்றேன். துணியெல்லாம் எடுத்து வை. என்கூடவே இருந்துடு."

"அவ வந்துட்டு இருக்கிறவரைக்கும் நான் எங்கேயும் வரல," என்றாள் அவள்.

ஞாயிறு விடியலில் ஆசிரியர் கையை நனைத்துச் சுவரில் பதித்தார். சிவக்கவில்லை. மறுபடி நனைத்து அதே இடத்தில் அழுத்திப் பிடித்தார். சுவர் வெள்ளையாகவே இருந்தது.

காரணம் உடனே விளங்கிவிட்டது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துச் சுண்ணாம்பு மெல்லக் கல்லாகிவிடும். அந்தக் கல்லைப் பார்த்துப் பினாப்தலீன் சிவப்பதில்லை. வருடா வருடம் கரும்பலகையில் அவர் எழுதிப்போடும் சமன்பாடு அது. தன் வீட்டுச் சுவரிலும் அது நடக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

மனைவி சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். அவள் எழுந்து அந்த வெறுமையைப் பார்ப்பதை அவரால் பார்க்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பூட்டியிருந்த பள்ளிக்கூட வாசல்வரை நடந்தார். அங்கே நின்றுவிட்டுத் திரும்பினார்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. அண்ணன் மகளின் அறைக்குள் அசையாமல் நின்றிருந்தான்.

சுவரில் கை இருந்தது. என்றைக்கும் இல்லாத சிவப்பு.

ஆசிரியர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கல்லாகிப்போன சுவர். காலையில் அவரே இரண்டு முறை பார்த்தது. எந்தப் புத்தகத்திலும் இதற்குச் சமன்பாடு கிடையாது.

அண்ணன் ஒற்றை விரலால் சுவரைத் தொட்டான். விரலில் வெள்ளை ஒட்டியது. "ஈரமா இருக்கே. நான் அடிச்சு எத்தனை நாளாச்சு," என்று முணுமுணுத்து, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அழுதுட்டுப் போயிருக்கா."

ஆசிரியர் காதில் எதுவும் ஏறவில்லை. சுவரோரமாக உட்கார்ந்து, மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். அவள் இறந்த அன்றுகூட அவர் அழுதிருக்கவில்லை.

"நீ கிளம்பு அண்ணா," என்றாள் மனைவி. "நான் வரல."

அதன்பின் அவர் சுவரில் கை வைக்கவில்லை. மகள் தன்னோடு இருக்கிறாள் என்ற நம்பிக்கையிலேயே பேசினார், சாப்பிட்டார், பாடம் நடத்தினார், ஓய்வும் பெற்றார். அண்ணன் முழங்கால் வலியால் ஏணியை விட்டுவிட்டு, வாடகைக்கு வேன் ஓட்டுகிறான். வீட்டை யாரும் விற்கவில்லை. மனைவி போன மழைக்காலத்தில் அதே அறையில் இறந்தாள்.

கடைசி நாட்களில் ஒருமுறை அவர் அவள் காதருகே குனிந்தார்.

"நீயும் அவளை மாதிரி ஒரு தடவை வந்து கையை வெச்சுட்டுப் போ."

அவள் அவருடைய கையை எடுத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"சுவரைப் பார்த்துக் காத்துட்டு இருக்காதீங்க," என்றாள். "அன்னைக்கு நீங்க வெளியே போனதும், நீங்க வெச்ச கைமேல புதுச் சுண்ணாம்பு தடவினது நான்தாங்க."