தொப்பி மட்டும் மிதந்தது

நாற்காலியில் மல்லாந்து, வாயை ஆவென்று பிளந்து கிடந்தவர் யாரென்று தெரிந்ததும் பல் டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாலுமியைக் கொன்ற எழுத்தாளர்!

நாவலில் நாலு பாகம் ஆசை ஆசையாக வளர்த்துவிட்டு, ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கப்பலோடு சேர்த்து அவனைக் கடலில் அமுக்கிய மகாபாவி. அதைப் படித்த அன்றைக்கு டாக்டரம்மாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

மறுநாளே புனைபெயர் ஒன்றை வைத்துக்கொண்டு இணையத்தில் மீதிக் கதையை எழுத உட்கார்ந்துவிட்டாள். அவளைப் போலப் பித்துப் பிடித்தவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்குள் ஒரே சட்டம்தான்: புத்தகத்தில் இருப்பதில் ஒரு புள்ளியைக்கூட அழிக்கக் கூடாது, புத்தகம் வாய் திறக்காத இடத்தில் புகுந்து விளையாடலாம்.

‘கப்பல் மூழ்கியது. மாலுமியின் தொப்பி மட்டும் மிதந்தது.’ புத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

சரி, மாலுமி மிதக்கவில்லை. மூழ்கினான் என்று எங்கே இருக்கிறது?

அந்தச் சந்தில்தான் அவனை இத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கிறாள். இப்போது ஆறாம் பாகம் வரப்போகிறதாம். ‘பிணம் கரை ஒதுங்கியது’ என்று இந்த மனுஷன் ஒரு வரி எழுதினால் போதும், அத்தனையும் பாழ்.

பல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. அவர் சொன்ன வலி எங்கே என்றே பிடிபடவில்லை.

வலி கிடக்கட்டும். வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருக்கும்போது ஆள் எங்கே ஓடிவிட முடியும்?

“சார், தொப்பிதானே மிதந்துச்சு? ஆள் சாகலைதானே? சும்மா தலையை ஆட்டினாப் போதும்.”

எழுத்தாளர் அவள் கையை மெல்ல விலக்கி, எழுந்து உட்கார்ந்து, வாய் கொப்பளித்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வழக்குப் போட்டாலும் போடுவார்.

அவர் முகத்திலோ கல்யாணக் களை.

“அப்பாடா, நீங்கதானா! உங்க கதையில வில்லனோட கடைவாய்ப்பல்லைப் பிடுங்குற இடத்தைப் படிச்சப்பவே நினைச்சேன், இது பல் டாக்டர் கைதான்னு. புனைபெயருக்குக் கீழ ஊர் பேரை வேற போட்டிருந்தீங்க. வலிக்குது வலிக்குதுன்னு இந்த ஊர்ல எல்லா டாக்டர்கிட்டயும் வாயைக் காட்டிட்டேன், ஒருத்தராவது மாலுமியைப் பத்திக் கேக்கணுமே!”

இன்னொரு நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“எனக்குக் கொல்லத்தாம்மா தெரிஞ்சுது. இப்ப அடுத்த பாகம் ஒரு வரிகூட நகரலை. நீங்க பாட்டுக்கு அவனைத் தீவுல உலாவ விட்டுட்டீங்க, எப்படிக் கரையேறினான்னு மட்டும் மூச்சு விட மாட்டேங்கறீங்க. சொல்லுங்கம்மா, எப்படித் தப்பிச்சான்?”