ஆட்டுத் தலை

பக்கத்து வீட்டுக் கசாக்கியர் செய்த்கலி கொடுத்த விருந்திலிருந்து யூகாய் கிழவர் மூச்சிரைக்க வந்தார். அந்தக் கசாக் ஊரில் கொரியர் வீடு அவருடையது ஒன்றுதான்.

"இந்த வருஷமும் ஆட்டுத் தலையை உன் முன்னாலதானே வச்சாங்க?" என்றாள் மனைவி வேரா.

"இல்ல. அல்மாட்டி பட்டணத்திலேருந்து வந்த விருந்தாளிக்கு வச்சாச்சு."

வேரா கரண்டியைப் போட்டாள். "இத்தனை வருஷ மரியாதை போச்சா? கொரியன்னா அவ்வளவு இளப்பமா? நீயும் பல்லை இளிச்சுக்கிட்டு வர்றியே."

"அடி கூறுகெட்டவளே, தலை விருந்தாளிக்கு வைக்கிறது. இங்கேயே பொறந்து வளந்த என்னைச் செய்த்கலி இத்தனை வருஷமா விருந்தாளியாவே உக்கார வச்சிருந்தான். இன்னிக்குத் தட்டை என் கையில குடுத்து, 'நீ வீட்டாளு, வந்தவனுக்கு வை'ங்கிறான். கேலி பண்றானோன்னு நின்னேன். 'என்ன முழிக்கிற, கறி ஆறுது'ன்னு அதட்டினான் பாரு, அப்பத்தான் நம்பினேன்."