காலி கோல்

மாலை வெயில் மலைக்கோட்டைப் பாறையில் மஞ்சளாகக் கிடக்கிறது. கீழே மைதானத்தில், போன வருஷம் இறந்துபோன கணக்கு வாத்தியார் மஸ்தானின் நினைவு ஆட்டம் தொடங்கப் போகிறது. ஒரு காலத்தில் மாவட்ட அணியின் கோல்கீப்பர் அவர். அவருக்கு மரியாதையாக முதல் பந்தைக் காலி கோலுக்குள் உதைப்பதென்று பழைய மாணவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். முன்வரிசை நாற்காலியில் இருக்கும் அவர் மனைவி ஜெரினாவுக்கு, ஆளில்லாத அந்த வலையைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. “ஏப்பா, செத்த நில்லுங்க. உங்க சாரு கோலைத் தொறந்து போட்டுட்டு நிக்கிற ஆளா? யாராச்சும் போய் நில்லுங்கப்பா.” உதைக்க வந்தவன் அப்படியே நிற்கிறான். சாரிடம் கோல்கீப்பிங் பழகிய பவித்ரா ஓடி வருகிறாள். கையுறைகளைக் கழற்றி ஜெரினாவின் மடியில் வைக்கிறாள். பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, சார் செய்வது போலவே உள்ளங்கைகளில் அழுத்தித் தேய்த்துக்கொள்கிறாள். “விடமாட்டேம்மா.” அவர் பேண்ட்டெல்லாம் அப்பிய அந்த வெள்ளைக்காக ஜெரினா அவரைத் திட்டாத நாளில்லை. விசில் ஒலிக்கிறது. பந்து இடது மூலைக்குப் பறக்கிறது, பவித்ராவும் பறக்கிறாள். மண்ணில் புரண்டு எழுந்தவள், பிடித்த பந்தை ஜெரினாவின் பக்கம் உருட்டிவிடுகிறாள். அதில் வெள்ளையாக இரண்டு கைகள் பதிந்திருக்கின்றன. யாரோ துண்டோடு குனிகிறார்கள். “தொடச்சிராதீங்கப்பா,” என்கிறாள் ஜெரினா. “அப்படியே ஆடுங்க.”