பல்லி சொன்ன ஏசி

புது வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பல்லி, கீழே நடந்த வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கிறது நாம ரெண்டு பேர். படுக்கிற ரூமுக்கு ஒரு ஸ்பிலிட் ஏசி போதும்ங்க," என்றாள் குழல்வாய்மொழி.

"சம்பந்தி வீட்ல டக்ட் ஏசி. சீலிங்குக்குள்ள குழாய் ஓடி ஆறு ரூமுக்கும் குளிர் போகுது. நம்ம வீட்லயும் ஆறு ரூம்தான். நாம மட்டும் என்ன இளப்பமா?" என்றார் அவள் கணவர் கோமதிநாயகம்.

"ஆளில்லாத அஞ்சு ரூமுக்குக் குளிர் காட்டப் போறாராம்," என்று பக்கத்துச் சிலந்தியிடம் சொன்ன பல்லி, ஏளனம் தாங்காமல் உச்சுக் கொட்டியது.

"கேட்டியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று துள்ளினார் கோமதிநாயகம். மறுவாரமே டக்ட் ஏறிவிட்டது.

"எல்லாம் உன் வாக்குதான்," என்று சிலந்தி சிரித்தது. இனிச் செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று பல்லி சத்தியம் செய்துகொண்டது.

சித்திரை வந்தது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கோமதிநாயகம் குரங்குக் குல்லாயோடு நடுங்கினார்.

"கொஞ்சம் குறைச்சு வைங்களேன்," என்றாள் குழல்வாய்மொழி.

"குறைச்சா சம்பந்தி மட்டமா நினைப்பார். இதே குழாயில ஹீட்டரும் சேர்த்து வச்சிடலாமா?"

பல்லி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை. மறுபடியும் உச்சுக் கொட்டிவிட்டது.